ஊதாரியும் கருமியும் மூன்றாவது ஆளும்

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். நான் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து அங்கே இறங்கி, தளவாய்புரம் பக்கம் போகும் பேருந்துக்கு மாறுவேன். அவர் இப்போது ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார். டீக்கடை ஓரமாக நிற்பார். நான் வருவது தெரிந்ததும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். நானும் போய்ப் பேசியதில்லை. அவர் டீ குடிக்கிறார் என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவேன்.

அவரை நான் ஒரு தொட்டிக்குள் இறங்கவிடாமல் தடுத்தேன். அந்தத் தொட்டிக்குள் அவருடைய அக்காவின் புருஷன் கிடந்தார்.

நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஆலை ஒன்றில். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது, நெய்வது, வெளுப்பது, மடிப்பது எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். வெளுக்கும்போது நூலில் ஏறிய கஞ்சி முழுவதும் கழன்று தண்ணீரோடு வரும். கூடவே காஸ்டிக் சோடாவும், அதை முறிக்க ஊற்றிய கந்தக அமிலமும் வரும். பெண்கள் விடுதியின் கழிவறைத் தண்ணீரும் இதோடு சேரும். எல்லாம் வளாகத்தின் மேற்கு ஓரத்துக்கு, மலை தெரியும் பக்கத்துக்கு வந்து தொட்டிகளில் விழும். தொட்டிகளுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அது என் ஆய்வகம். மதுரையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு நேராக அங்கே சேர்ந்தேன்.

தொட்டிகளை ஓட்டியவரை அண்ணே என்று கூப்பிடுவேன். நாற்பதை நெருங்கிய வயது. காற்று ஊதும் புளோயரின் சத்தம் தாங்காமல் காதில் எப்போதும் வெளுத்த பஞ்சை வைத்திருப்பார். அதனால் நாம் ஒன்று கேட்டால் அவர் பதில் சொல்லச் செத்த நேரமாகும். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஆய்வகத்து ஆள் என்பதால் “லேபு” என்பார். அவருடைய மனைவி பேண்டேஜ் மடிக்கும் பிரிவில் இருந்தார். அவர் எனக்கு மதினி. மதினியின் தம்பி பாய்லரில் வேலை. மூவரும் ஆலைக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள்.

தொட்டிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒன்றில் புளோயர் வைத்துக் காற்றை ஊதுகிறோம். விடுதித் தண்ணீரில் உள்ள அம்மோனியா அங்கே நைட்ரேட்டாக மாறும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் காற்றில்லாத இன்னொரு தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறோம். இந்தத் தொட்டிக்கு மேலே கான்கிரீட் மூடாக்கு உண்டு. ஓரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சதுரத் திறப்பு, அதற்கு இரும்பு மூடி, உள்ளே இறங்க ஏணி. தண்ணீருக்குள் ஒரு கலக்கி சுற்றிக்கொண்டே இருக்கும். காற்று கிடையாது என்பதால் அங்கிருக்கும் பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் சுவாசிக்கும்.

நைட்ரேட்டுக்கு அங்கே போட்டி. ஒரு கூட்டம் அதை எடுத்துப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். அது குமிழியாக மேலே வந்து காற்றோடு போய்விடும். ஆலைக்கு வேண்டியது அதுதான். இன்னொரு கூட்டம் அதே நைட்ரேட்டை அம்மோனியாவாக மாற்றித் தண்ணீரிலேயே வைத்துக்கொள்ளும். நைட்ரேட் தாராளமாக இருந்தால் முதல் கூட்டம் வேகமாகப் பெருகி ஜெயித்துவிடும். சாப்பாடு நிறைய இருந்து நைட்ரேட் குறைவாக இருந்தால் இரண்டாவது கூட்டத்தின் கை ஓங்கும். கிடைத்த ஒரு நைட்ரேட்டை வைத்துக்கொண்டு மற்றவர்களைவிட அதிகமான சாப்பாட்டைச் செரிக்க அதற்குத் தெரியும். கல்லூரியில் கடைசி வருடம் முழுக்க ரப்பர் மூடி போட்ட குப்பிகளில் நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்தப் போட்டியைத்தான்.

சேர்ந்த புதிதில் அண்ணனுக்கு இதைச் சொன்னபோது முதல் கூட்டத்துக்கு ஊதாரி என்றும் இரண்டாவதற்குக் கருமி என்றும் பெயர் வைத்தேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

“அப்ப எங்க வீட்ல நான் ஊதாரி, ஒங்க மதினி கருமி. ஜெயிக்கது யாருன்னு வேற சொல்லணுமாக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் பையை வைப்பதற்குள் ஆய்வக வாசலில் வந்து நிற்பார். “ஏ லேபு, இன்னைக்கு யாரு ஜெயிச்சா?” நான் சோதனைத் தாளைத் தண்ணீரில் நனைத்துக் காட்டுவேன். நைட்ரேட் இருந்தால் அந்தத் தாளின் நுனி ரோஸ் நிறமாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே இருக்கும். அம்மோனியாவையும் பார்த்துவிட்டு ஊதாரி என்றோ கருமி என்றோ சொல்வேன். ஊதாரி என்றால் அன்றைக்கு என் டீக்கும் அவரே சொல்லிவிடுவார்.

மூன்றாவது ஆளைப் பற்றியும் சொல்லியிருந்தேன். நைட்ரேட் சுத்தமாகத் தீர்ந்துபோனால் அதைச் சுவாசிக்கிற இரண்டு கூட்டமும் படுத்துவிடும். அதுவரை தலைதூக்க முடியாமல் சேற்றோடு கிடந்த மூன்றாவது கூட்டம் எழுந்திருக்கும். அது சல்பேட்டைச் சுவாசிக்கும். எங்கள் தண்ணீரில் அமிலத்திலிருந்து வந்த சல்பேட்டுக்குப் பஞ்சமே கிடையாது. அது வெளியே விடும் வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனமானது. மூடாக்கு போட்ட தொட்டிக்குள் தேங்கி நிற்கும். சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

“அவன் வரமாட்டான்ல?” என்று கேட்டார்.

“நைட்ரேட் இருக்கிற வரைக்கும் வரமாட்டான்ண்ணே.”

அந்த வருடம் ஆலையில் புதுப் புளோயர் வாங்கியிருந்தார்கள். பழையதற்கு ஆயுத பூஜையன்று பேருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு ஓடவிடுவார்கள். யாரும் அதைக் கணக்கில் எடுத்ததில்லை. புதியதற்கு முதலாளி குடும்பத்தோடு வந்து பூஜை செய்வார் என்று மேனேஜர் சொன்னார். மற்ற எந்திரங்களைப் போல அதையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட வேண்டும். மறுபூஜை முடிகிறவரை ஓட்டக் கூடாது. விஜயதசமிக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுபூஜையைத் திங்கட்கிழமை காலை வைத்துக்கொள்வதாக முடிவாகியிருந்தது.

நான் மேனேஜரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டேன். பூஜை முடிந்து ஒரு மணி நேரத்தில் புளோயரைத் திரும்ப ஓட்ட வேண்டும். அது முடியாதென்றால், பூஜைக்காகக் கஞ்சித் தொட்டிகளைக் கழுவும்போது பழைய கஞ்சியை ஒரேயடியாக எங்கள் பக்கம் திறந்துவிடக் கூடாது. அதுவும் முடியாதென்றால், தென்னைக்கும் மாமரத்துக்கும் போடுகிற கால்சியம் நைட்ரேட் உரத்தில் சில மூட்டை வாங்கித் தர வேண்டும். காற்று இல்லாத நாட்களுக்கு அதைக் கரைத்து ஊற்றி நைட்ரேட்டைத் தீரவிடாமல் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவதற்கு மேனேஜர் சிரித்தார். “பொட்டு வச்ச மிஷினை மறுபூசை பண்ணாம ஓட்டணும்னு மொதலாளிகிட்ட நீயே போய்ச் சொல்லு தாயி. நான் பின்னாடி நிக்கேன்.”

இரண்டாவதற்குக் கஞ்சிப் பிரிவுக்குப் போகச் சொன்னார். போனேன். அங்கிருந்த மேஸ்திரி கையில் விளக்குமாறோடு நின்றார். தொட்டிகளின் அடியில் புளித்து ஏடு கட்டிய கஞ்சி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. வருடம் முழுவதும் அடியில் தங்குவதைப் பூஜைக்கு முந்தின நாள்தான் சுரண்டி எடுப்பார்கள். அதை ஒரு வாரத்துக்குப் பிரித்துப் பிரித்து விட முடியுமா என்று கேட்டேன்.

“பழைய கஞ்சிய வச்சுக்கிட்டு சாமி கும்பிடச் சொல்லுதியா?” என்று திருப்பிக் கேட்டார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நான் வெளியே வருவதற்குள் வால்வைத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாவது கிடைத்தது, நான் கேட்டதில் பாதி. வத்திராயிருப்புப் பக்கத்து உரக்கடையிலிருந்து மூட்டைகள் வந்தன. அண்ணன்தான் இறக்கினார். கஞ்சி வந்து விழுந்த தொட்டி பால் கொட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. சாப்பாடு ஏகத்துக்கு, நைட்ரேட் கொஞ்சம். என் கல்லூரிக் குப்பிகளில் கருமி ஜெயித்ததெல்லாம் இந்தக் கணக்கில்தான். மூட்டைகளை ஒரே வேளையில் கரைக்காமல் காலையும் மாலையுமாகப் பிரித்து, தொட்டிக்கு வரும் கால்வாயில் ஊற்றச் சொன்னேன். தாளில் வெள்ளை வந்தால் எனக்குப் போன் செய்ய வேண்டும், மூடியைத் திறக்கவே கூடாது என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

பூஜையன்று மதியம் முதலாளி வீட்டார் வந்தார்கள். புளோயரின் மேல் ரோஜா மாலை. பொரிகடலை, சுண்டல், தேங்காய். புளோயர் நின்றிருந்ததால் அண்ணன் காதுப் பஞ்சை எடுத்துவிட்டிருந்தார். இத்தனை நாள் அங்கே வேலை பார்த்தும் மலைப்பக்கத்துப் பறவைச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன் என்றார். அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். மதினி புதுச் சேலை கட்டியிருந்தார். எனக்கு ஒரு பொட்டலம் சுண்டல் மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் நான் வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். அம்மா என் பாடப் புத்தகங்களை முந்தின நாளே பூஜையில் அடுக்கி மஞ்சள் தெளித்து வைத்திருந்தார். மதியம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. தாள் ரோஸாகத்தான் இருக்கிறது, ஆனால் நேற்றைவிட வெளுத்திருக்கிறது என்றார். நான் அடுக்கின் அடியிலிருந்து என் கல்லூரி ஆய்வேட்டை உருவினேன். மறுபடி பூஜை செய்கிறவரை அதைத் தொடக் கூடாது என்று அம்மா சத்தம் போட்டார். மஞ்சள் கறை படிந்த பக்கங்களில் கஞ்சிக்கு எவ்வளவு நைட்ரேட் வேண்டும் என்று திரும்பக் கணக்குப் போட்டேன். இருக்கிற மூட்டை ஞாயிற்றுக்கிழமை காலை வரைகூடத் தாங்காது.

மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் குடும்பத்தோடு திருச்செந்தூரில் இருந்தார். மின்சாரப் பெட்டி அறையின் சாவி அவர் பையில் இருந்தது. அதற்கும் பொட்டு வைத்துப் பூட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். உரக்கடைக்கு நானே போனேன். பண்டிகைக்காகக் கடை அடைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் சொன்னது ஒரு வரிதான். “லேபு, வெள்ளையாயிருச்சு.”

அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றேன். மதினியையும் அவர் தம்பியையும் போகவிட வேண்டாம் என்றேன். “சரி தாயி, போவல” என்றார். அன்றைக்கு அவர் போகவும் இல்லை.

திங்கட்கிழமை நான் முதல் பேருந்தில் போனேன். ஆலை வாசலிலேயே நாற்றம் அடித்தது. மேனேஜர் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டார். புளோயர் ஓடத் தொடங்கியது. காற்றில்லாத தொட்டியின் கலக்கி மட்டும் உறுமிவிட்டு நின்றுவிட்டது. எந்திரங்களைத் துடைத்த பேண்டேஜ் துணியைக் கால்வாயில் போட்டிருக்கிறார்கள். அது வந்து கலக்கியின் இறக்கையில் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். அடியில் முழங்கால் அளவுக்குச் சேறு நின்றது. அதற்காக மூடியைத் திறந்தபோதே எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு எட்டிப் பார்த்தேன். பழுப்பாக இருக்க வேண்டிய சேறு தார் போலக் கறுத்துக் கிடந்தது.

மூன்றாவது ஆள் வந்துவிட்டான் என்று அண்ணனிடம் சொன்னேன். மதியம் வரை யாரும் இறங்கக் கூடாது. புளோயரிலிருந்து ஒரு குழாயை உள்ளே விட்டுக் காற்று ஊத வேண்டும். வாயு அளக்கும் மீட்டர் எங்கள் இன்னொரு யூனிட்டில் இருந்தது. அது வந்து, அளந்து பார்த்த பிறகுதான் மற்றது. அதுவரை வெளுப்புப் பிரிவை ஓட்டக் கூடாது என்று மேனேஜரிடம் சொல்ல அலுவலகத்துக்குப் போனேன். போகும்போது அண்ணன் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். பாய்லருக்கு விறகு தள்ளிவிட்டு அவர் மச்சான் உதவிக்கு வந்திருந்தார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது மச்சான் போலீசிடம் சொல்லி நான் கேட்டது. வெளுப்புப் பிரிவிலிருந்து ஆள் வந்து, தண்ணீர் விடலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். குழாய் எட்டவில்லை. அண்ணன் திறப்பின் ஓரத்தில் மண்டியிட்டு, தலையை உள்ளே நீட்டி, கலக்கி எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். சற்று நேரத்தில் தலையை நிமிர்த்தி, “நாத்தம் போயிருச்சுலே. புளோயரு ஓடுதுல்லா, ஊதாரி திரும்ப வந்துட்டான்” என்று சொல்லியிருக்கிறார். ஏணியில் காலை வைத்திருக்கிறார்.

நாற்றம் போகவில்லை. அந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அளவு கூடினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். பிறகு எதுவுமே தெரியாது. இதை அவருக்குச் சொல்லியிருந்தேன். ஊதாரியும் கருமியும் மாதிரி அதற்கு ஒரு பெயர் வைத்துச் சொல்லவில்லை. அவர் மனதில் நின்றது பெயர்கள்தான்.

நான் அலுவலக வாசலில் இருந்தபோது மச்சானின் கத்தல் கேட்டது. ஓடினேன். அவர் ஏணியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். உள்ளே அண்ணன் சேற்றில் குப்புறக் கிடந்தார். நீலச் சட்டையின் முதுகு மட்டும் தெரிந்தது.

அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் படித்திருந்தேன். முதலில் இறங்குகிறவர் சாவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாவார். மூன்றாவதாக இறங்குகிறவரும் சாவார். அப்போது எனக்குள் யோசனை எதுவும் ஓடவில்லை. மச்சானின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவர் எழுவதற்குள் நான் திறப்பின் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். கால்களைத் திறப்பின் எதிர் ஓரத்தில் ஊன்றி, ஏணியின் மேல் கம்பியை இரண்டு கைகளாலும் கோத்துப் பிடித்துக்கொண்டேன். என் மூக்குக்கும் அந்த நாற்றம் வந்தது. நாற்றம் தெரிகிறவரை நான் செத்துப்போக மாட்டேன் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

“விடுடி. எங்க அத்தான்டி” என்றார்.

“எறங்குனா நீங்களும் வரமாட்டீங்க.”

“கை அசையுது பாரு. கை அசையுதுடி.”

அவர் என் முடியைப் பிடித்து இழுத்தார். தோளில் மிதித்தார். நான் கீழே பார்த்தேன். அண்ணனின் வலது கை சேற்றுக்கு மேலே கிடந்தது. அதற்கடியிலிருந்து குமிழிகள் வந்துகொண்டிருந்தன. சட்டையும் விரல்களும் அசைந்தன. குமிழி அசைத்ததா, அவர் அசைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நான் கையை விடவில்லை.

மற்றவர்கள் ஓடிவந்து மச்சானைப் பிடித்துக்கொண்டார்கள். குழாயோடு இன்னொரு துண்டைச் சேர்த்து உள்ளே விடச் சொன்னேன். கொக்கியும் கயிறும் கேட்டேன். கொக்கி அவர் சட்டையில் மாட்டவில்லை. வழுக்கி வழுக்கி வந்தது. தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட ஒருவர் இறங்கி அவரைத் தூக்கினார். அதற்குள் மதினி மடிப்புப் பிரிவிலிருந்து வந்துவிட்டார். கையில் பாதி சுற்றிய பேண்டேஜ் இருந்தது. அவர் அழவில்லை. “அவிய முகத்தைத் தொடச்சு விடுங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரோ அந்தப் பேண்டேஜை வாங்கித் துடைத்தார்கள். சேறு போன இடத்தில் அவர் காதில் பஞ்சு இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் வண்டியிலேயே பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்கள்.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னும் நடக்கிறது. எனக்குச் சம்மன் வரும் நாட்களில் பேருந்து ஏற வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நடந்தே கோர்ட்டுக்குப் போய்விடலாம். இறந்தவர் யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கினார் என்று மட்டும் சொல்லும்படி ஆலைத் தரப்பில் கேட்டார்கள். நான் மேனேஜரிடம் கேட்ட மூன்றையும் கேட்ட வரிசையிலேயே சொன்னேன். எதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் சொன்னேன். மச்சானும் சாட்சி சொன்னார். அத்தானின் கை அசைந்தது, நான் பார்த்தேன், அந்தப் பெண் என்னை இறங்கவிடவில்லை என்றார். பொய் எதுவும் அதில் இல்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், விழுந்த சில மூச்சுக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். மச்சான் டாக்டரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் பாய்லர் வேலையை விட்டார். லைன் வீட்டையும் காலி செய்துவிட்டார்கள். மதினி மட்டும் சில மாதம் கழித்து மடிப்புப் பிரிவுக்குத் திரும்ப வந்தார். எங்கள் பக்கம் வருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் தூரத்தில் பார்ப்பேன். வெளுத்த துணியைக் கைக்கு வாட்டமாக இழுத்து இழுத்து மடித்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தாரா பார்க்கவில்லையா என்று தெரியாது.

என் தோளில் மிதிபட்ட இடம் மழைக்காலத்தில் வலிக்கும். அம்மா தைலம் தேய்த்துவிட்டு, வேறு வேலை பார் என்பார். நான் பார்க்கவில்லை. எங்கள் தொட்டிக்கு இப்போது வேறு ஓர் ஆள் இருக்கிறார். திருமணமாகாதவர், அதிகம் பேசாதவர். அவருக்கு நான் கூட்டங்களுக்குப் பெயர் வைத்துச் சொல்லவில்லை. வாயுவின் பெயர், அளவு, மூக்கு எப்போது சாகும், மீட்டர் எங்கே தொங்குகிறது, அது இல்லாமல் மூடியைத் தொட்டால் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னேன். எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன். அவர் அதைப் படித்துவிட்டு, சரி மேடம் என்றார். காலையில் யாரும் வாசலில் வந்து நின்று எதுவும் கேட்பதில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் மாறியிருந்தார். புளோயரை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் மேல் பூசாரி கைநீட்டிப் பொட்டு வைத்தார்; அதிர்வில் குங்குமம் ஒழுகிக் கோடாக இறங்கியது. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. கஞ்சிப் பிரிவில் பழைய கஞ்சியைப் பீப்பாய்களில் பிடித்து வைத்து, ஒரு வாரமாக எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார்கள். மேஸ்திரியே வந்து, எவ்வளவு விடலாம் என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

எல்லோரும் போன பிறகு மதினி வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் தொட்டிப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் பொரியும் கடலையும் மடித்த பொட்டலம் இருந்தது. எனக்குக் கொடுத்தார். மூடியைப் பார்த்தார். அதில் இப்போது பூட்டுப் போட்டிருக்கிறோம்.

“சாவி யார்ட்ட இருக்கு?”

“எங்கிட்டதான் மதினி.”

அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு அவர் என் பக்கம் சாய்ந்து சத்தமாகச் சொன்னார். இல்லையென்றால் புளோயர் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

“என் தம்பி ஒங்கிட்டப் பேசமாட்டான். பேசுனா, அவிய கெடந்தப்ப மேல நின்னது சரின்னு ஆயிரும்ல. அவனால அது முடியாது.”

தெரியும் என்றேன்.

“நான் இங்க இருந்திருந்தா ஒன்னத் தூக்கிப் போட்டுட்டு எறங்கியிருப்பேன்.”

“ஒங்களையும் விட்டிருக்க மாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. “அவன் தெனம் ராத்திரி வந்து சாப்பிடுதான்” என்றார். “தட்டுல சோறு போடயில ஒன்ன நெனச்சுக்கிடுவேன். பொறவு, அவியளுக்கும் சேத்துல்லா போட்டிருக்கணும்னு நெனப்பேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. ஒண்ண மட்டும் தள்ளிவிட முடியல.”

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மடிப்புப் பிரிவுப் பக்கம் போய்விட்டார்.

பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து தொட்டித் தண்ணீரைப் பிடித்தேன். தாளை நனைத்துக் காத்திருந்தேன். நுனி ரோஸ் ஆனது. நேரத்தைக் குறித்துவிட்டு, இருட்டுவதற்குள் பேருந்து பிடிக்கப் போனேன்.